புற்று நோயாளியின் மனத்திற்கும் வைத்தியம் வேண்டும்!

பொழுது புலருமுன்பே ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம், போடி வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குப் புறப்படுகின்றன. போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிப் பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தாம்பாறைப் பக்கங்களில் காயெடுப்புக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதே கிராமங்களிலிருந்து வேறு சிலர் எதிர்த் திசையில் புறப்படுகிறார்கள். கையில் ஒரு பை. பைக்குள் ஸ்கேன் படம், காப்பீட்டு அட்டை, மதியத்துக்குக் கொஞ்சம் சோறு. இவர்கள் போவது க.விலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு; அல்லது மதுரைக்கு. புற்று நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள.

இவர்களுடைய கட்டியின் அளவை டாக்டர் பார்க்கிறார். இரத்தத்தை நர்ஸ் சோதிக்கிறார். அட்டையின் எண்ணைக் குமாஸ்தா குறித்துக்கொள்கிறார். “ராத்திரி தூக்கம் வருகிறதா? மனசு எப்படி இருக்கிறது?” என்று கேட்பவர் யார்?

இந்தக் கேள்வி இதுவரை கேட்கப்படாததற்குக் காரணம், அது சின்ன விஷயம் என்ற நினைப்புத்தான். “உயிர் பிழைப்பதே பெரிசு, இதில் மனசு வேறா?” என்று கேட்பவர்கள் உண்டு. நாம் சொல்கிறோம்: மனம் ஒடிந்தவர் பாதி வைத்தியத்தில் நின்றுவிடுகிறார். பாதியில் நின்ற வைத்தியத்தால் நோய் போவதில்லை. ஆகவே இது உயிர்ப் பிரச்னையே.

கோழைத்தனம் அல்ல, நோய்

புற்று நோய் என்று கேட்டதும் பயப்படாத மனிதர் இல்லை. அழுகை வரும், சாப்பாடு இறங்காது, நாலு நாள் தூக்கம் போகும். இது இயற்கை. பலருக்கு நாள் செல்லச் செல்ல மனம் தேறிக்கொள்ளும். ஆனால் சிலருக்குத் தேறுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டு கிடக்கிறது. பேரப்பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தாலும் சந்தோஷம் இல்லை. தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்ற எண்ணமே ஓயாமல் ஓடுகிறது. “இனி ஊசி வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள்” என்று சொல்லத் தோன்றுகிறது. இதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். நெஞ்சு படபடத்து, அடுத்த ஊசியை நினைத்தாலே குமட்டி, ஸ்கேன் முடிவு வரும்வரை உயிர் போய் உயிர் வருகிறதே, அது பதட்ட நோய். இரண்டுக்கும் மருந்து உண்டு. பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு.

வைத்தியமே மனத்தைக் கலக்குவதும் உண்டு. கீமோ மருந்தோடு வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலை உண்டாக்கும். இரத்தச் சோகை ஆளைச் சோர வைக்கும். தீராத வலி எந்த மனத்தையும் முறித்துவிடும். மருந்தினால் வந்த எரிச்சலைக் கண்டு “இவளுக்குத் திமிர்” என்று வீட்டார் பேசினால் அது எத்தனை பெரிய அநியாயம்! நோயாளியோ தன்னையே நொந்துகொள்கிறார்.

இப்படித் துன்பப்படுகிறவர்கள் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டில் லான்செட் ஆன்காலஜி என்னும் மருத்துவப் பத்திரிகையில் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளிவந்தது. 14 நாடுகளில் புற்று நோய் வைத்தியம் பெற்ற 10 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய 70 ஆய்வுகள் அதில் அலசப்பட்டன. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெறும் புற்று நோயாளிகளில் 100க்கு 30 முதல் 40 பேருக்கு ஏதாவதொரு வகையில் மனநோய்த் தொல்லை இருக்கிறது என்பது அதன் முடிவு. அதாவது பத்துப் பேர் வரிசையில் நின்றால் மூன்று பேர், நான்கு பேர். இது ஒருவருடைய கோழைத்தனமா? தலையெழுத்தா? இல்லவே இல்லை. காய்ச்சல் போல, இரத்தச் சோகை போல, இதுவும் கவனிக்க வேண்டிய நோய்.

இரண்டு கூலி போகிறது

ஆனால் ஏழையின் மனக் கவலை நோயோடு மட்டும் நிற்பதில்லை.

‘கரண்ட் வைப்பது’ என்று நம் ஜனங்கள் சொல்லும் கதிர்ச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல சமயம் ஐந்து, ஆறு வாரம் தொடர்ந்து வைக்க வேண்டும். கதிர் பாய்வது சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களுக்காகப் போகவர ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடுகிறது. கீமோ மருந்து அநேகமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஏற்றிய பிறகு பல நாள் எழுந்து நடமாட முடியாது. நோயாளி தனியாகப் போக முடியுமா? மகளோ புருஷனோ கூடப் போக வேண்டும். ஆக, ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டு கூலி போகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் அது ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. இது ஏழைக்குப் பெரிய உதவி. இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும். போன கூலியைத் தராது. அடுப்பில் உலை ஏற அது உதவாது. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் வசூல்காரருக்கு அந்த அட்டையைக் காட்ட முடியாது. தான் தவணை கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்களுக்கு நெருக்கடி வருமே என்று அந்தத் தாய் கூசிப்போகிறாள். கடன் வசூலில் பலவந்தத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை 2025இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. நோயாளியின் வாசலுக்கு வர வேண்டும்.

இந்த நிலையில் அவள் இரவில் விழித்துக்கிடந்தால், அவள் மனத்தில் ஓடுவது என்ன? சாவுப் பயம் மட்டுமா? பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம், அடகில் போன தோடு, தனக்காக வேலையை விட்டு நிற்கும் மகளின் முகம், இவையெல்லாம் சேர்ந்துதான் “எனக்கு வைத்தியம் வேண்டாம்” என்ற வார்த்தையாக வெளிவருகின்றன. கேட்பவர்கள் அதை விரக்தி என்கிறார்கள். நாம் அதைக் கணக்கு என்கிறோம். தன் உயிரையும் குடும்பத்தின் கஞ்சியையும் தராசில் வைத்துப் பார்க்கும் கொடிய கணக்கு அது.

வறுமை போனால் மனச்சோர்வு எல்லாம் போய்விடும் என்று நாம் கூறவில்லை. பணக்காரருக்கும் இந்த நோய் வருகிறது. அவரும் மரணத்தைக் கண்டு நடுங்குகிறார். ஆனால் அவருடைய கவலைகளில் ஜீப் கூலியும் வாரத் தவணையும் இல்லை. அவருக்கு மனநல டாக்டரைப் பார்க்கப் பணமும் பொழுதும் உண்டு. கூலிக்காரருக்கு இரண்டும் இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

மூடி மறைப்பதால் வரும் தனிமை

இன்னொரு பாரமும் இருக்கிறது. அதை நாமே ஏற்றி வைக்கிறோம்.

புற்று நோய் தொட்டால் ஒட்டும் நோயல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே பாயில் படுப்பதால், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதால் அது பரவாது. அப்படியிருந்தும் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் தனிப் படுக்கை என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ‘முன் ஜன்மப் பாவம்’ என்ற பேச்சும் ஓயவில்லை. மார்பை எடுத்த பெண், கர்ப்பப்பையில் நோய் கண்ட பெண், இனி மனைவியாக வாழ முடியுமா என்று யாரிடம் கேட்பாள்? முடி கொட்டிய தலையோடு கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்கும் இளம்பெண்ணிடம், கீமோ நின்றபின் முடி அநேகமாகத் திரும்ப வளர்ந்துவிடும் என்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? நாக்கிலும் கன்னத்திலும் அறுவை நடந்த ஆண் பிள்ளையோ பேச்சுக் குழறுவதற்கு வெட்கப்பட்டு டீக்கடைப் பக்கமே வருவதில்லை. ஆண்கள் அழக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். அவர் அழுகைக்குப் பதில் சாராயத்தைத் தேடுகிறார்.

நோயாளியிடம் நோயின் பெயரையே சொல்லாமல் மறைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்” என்று மகன் கெஞ்சுகிறான். அன்பினால்தான் கெஞ்சுகிறான். ஆனால் புற்று நோய் வார்டில் போய்ப் படுத்த தாய்க்கு விஷயம் தெரியாதா? அவளும் தெரியாததுபோல இருக்கிறாள். ஒரே வீட்டில் எல்லோரும் அறிந்த ஒன்றை எல்லோரும் மறைக்கிறார்கள். அவள் தன் பயத்தைச் சொல்ல ஒருவருமில்லாமல் போகிறது. விஷயத்தை முழுவதும் அறிய விரும்பும் நோயாளிக்கு அது சொல்லப்பட வேண்டும். பக்குவமாக, அவர் தாங்குகிற அளவில், கேள்விக்கு இடங்கொடுத்துச் சொல்லப்பட வேண்டும். அது அவருடைய உரிமை.

முடியாத காரியமா?

“இதற்கெல்லாம் ஊருக்கு ஊர் மனநல டாக்டருக்கு எங்கே போவது?” என்பார்கள் அதிகாரிகள். பதில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளான 500 புற்று நோயாளிகளிடம் ஒரு சோதனை நடத்தி, 2014இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிப் பேருக்குத் தனிப் பயிற்சி பெற்ற புற்று நோய் நர்ஸுகள், மனநல டாக்டரின் மேற்பார்வையில், தொடர்ந்து பேசி உதவினார்கள்; தேவைப்பட்டோருக்கு மருந்தும் கிடைக்கச் செய்தார்கள். 24 வாரம் கழித்துப் பார்த்தால், நர்ஸுகள் கவனித்தவர்களில் 100க்கு 62 பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்திருந்தது. மற்றவர்களில் அப்படி 17 பேரே. செய்தவர்கள் நர்ஸுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அது வெள்ளைக்காரர் தேசம் என்பீர்களா? நம் நாட்டுக் கோவாவில், 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத சாதாரண உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வு நோயாளிகளுடன் ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். இவர்கள் புற்று நோயாளிகள் அல்லர். ஆனால் சோர்வு அதே சோர்வு. 2017இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இவர்களில் 100க்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். இந்த உதவி இல்லாதவர்களில் 39 பேரே மீண்டார்கள்.

நம் ஏலத்தோட்டத் தொழிலாளர் தினமும் போய்வரும் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டிச் சில டாக்டர்களும் பொதுமக்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் துவக்கினார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. 2008இல் கேரள சர்க்கார் ஆதரவுச் சிகிச்சைக்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ் வீடு தேடிப் போகிறார். வலியையும் பார்க்கிறார், மனக் குறையையும் கேட்கிறார்.

தமிழ்நாட்டிலும் வேர் இருக்கிறது. தன் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு துவக்கியதே அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி. புற்று நோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்க அங்கே தனித் துறை உண்டு. சென்னையில் ஆகிற காரியம் தேனியில் ஏன் ஆகாது? 2021 ஆகஸ்டில் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர்ப் பெண்களே வீடு வீடாகப் போகிறார்கள். ஆதரவுச் சிகிச்சையும் அத்திட்டத்தில் அடக்கம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பார்க்கும் அந்தக் கைகளுக்கு மனம் ஒடிந்தவரைக் கண்டறியும் பயிற்சியையும் தந்தால் என்ன? பூஜ்யம் முதல் பத்து வரை எண் போட்ட ஒரு காகிதத்தைக் காட்டி, “இந்த வாரம் உங்கள் மன வேதனை எத்தனை?” என்று கேட்கும் எளிய முறை உலகெங்கும் புற்று நோய் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நான்கும் அதற்கு மேலும் என்றால் உதவி தேவை என்று பொருள். இதற்கு ஆகும் செலவு ஒரு காகிதம், ஒரு நிமிஷம்.

உரிமையே கேட்கிறோம்

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணம் பெறும் இடங்களில் மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பொது வைத்தியம் நடக்கும் எல்லா மட்டங்களிலும் மனநல வைத்தியத்தைச் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் அடிப்படையில் நாம் வற்புறுத்துகிறோம்:

1. புற்று நோய் வைத்தியம் நடக்கும் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், முதல் நாளிலும் ஒவ்வொரு கட்டத்திலும் மனநிலையை விசாரிக்க வேண்டும். தேவைப்பட்டவரை அன்றே, அங்கேயே ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். “வேறொரு நாள் வா” என்றால் இன்னும் இரண்டு கூலி போகும்.

2. போடி, சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களுக்கும் கிராம நர்ஸுகளுக்கும் இப்பயிற்சி அளிக்க வேண்டும். அவர்களுக்குக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் தர வேண்டும்.

3. வைத்தியம் நடக்கும் மாதங்களில் கூலிக்கு மாற்றாக உதவித்தொகை வேண்டும். 2011ஆம் ஆண்டு உழவர் பாதுகாப்புத் திட்டம் விவசாயத் தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தது. இன்றைய விலைவாசியில் அது எந்த மூலைக்கு? அதை உயர்த்த வேண்டும். மலைக்குப் போகும் தினக்கூலிகளுக்கும் தர வேண்டும்.

4. தமிழ்நாட்டில் குடியிருந்து கேரளத்தில் உழைப்பவர் இரண்டு சர்க்காருக்கும் நடுவே விழுந்துவிடக் கூடாது. தோட்டத்தில் மருத்துவ வசதி முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள ஏலத்தோட்டங்களும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் பெயர் மாறலாம், கடமை மாறலாமா? இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி வழி காண வேண்டும்.

5. வைத்தியம் முடியும்வரை நோயாளி வீட்டில் கடன் தவணையை நிறுத்திவைக்க வேண்டும்.

இருப்பதைப் பெறவும் நாம் அறிந்திருக்க வேண்டும். மில் தொழிலாளர்கள் கவனிக்க: ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. புற்று நோயும் கடும் மனநோய்களும் அதில் இருக்கின்றன. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா நாட்களும் சரியாக இருந்தால், சம்பளத்தில் 100க்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரை பெறலாம். உங்கள் பெயருக்கு மில் நிர்வாகம் சந்தா கட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். காண்டிராக்ட் தொழிலாளி என்று சொல்லித் தட்டிக்கழிக்க விடாதீர்கள். 2010 முடிவில் நின்ற மதுரை–போடி ரயில் 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகிறது. ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் புற்று நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் நாலில் மூன்று பங்கு சலுகை உண்டு. கேட்டு வாங்குங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது வந்தால், அதை ஒளிக்க வேண்டாம். அது பாவமும் அல்ல, வெட்கமும் அல்ல; தாங்க முடியாத வேதனையின் அடையாளம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் உண்டு. அப்படிப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

தோழர்களே! விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் சங்கமும் கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் கூடுவதைப் போலவே இதற்கும் கூட வேண்டும். சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நம்மில் யார் வீட்டில் இந்த நோய்க்கு வைத்தியம் நடக்கிறது? அந்த வீட்டுக்கு முறை வைத்து ஒருவர் போங்கள். அறிவுரை சொல்லத் தேவையில்லை. “தைரியமாக இரு” என்று அதட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். கரண்ட் வைக்கும் நாளில் மகளுக்குப் பதிலாக ஒரு நாள் துணைக்குப் போங்கள். ஒரு கூலியாவது அந்த வீட்டில் மிஞ்சட்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்ய நாம் போராடுவோம். நாம் செய்ய வேண்டியதை இன்றைக்கே செய்வோம்.